படைப்பின் காலம் வழிகாட்டி: சேர்ந்து ஜெபிக்க நல்ல துணை

கடவுள் படைத்த இயற்கையைக் காக்க ஜெபிக்கவும் செயல்படவும் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை பல திருச்சபைகள் சேர்ந்து அனுசரிக்கும் ‘படைப்பின் காலத்துக்கு’ வருடாவருடம் இலவச வழிகாட்டி வருகிறது. 2025க்கானதை எங்கள் கூட்டு ஜெபக் குழுவுக்காக இறக்கினேன். வேதப்பகுதி ஏசாயா 32:14–18. பாழான அரண்மனை, அப்புறம் செழிப்பான வயலாகும் வனாந்தரம். அருமையான தேர்வு.

எனக்கு மிகவும் பிடித்தது, அப்படியே எடுத்து நடத்தக்கூடிய ஆராதனை முறை. யாருடைய முறை இது என்று கத்தோலிக்கரோ பெந்தெகொஸ்தேக்காரரோ தயங்க வேண்டியதில்லை. 1989இல் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபை படைப்புக்காக செப்டம்பர் 1 அன்று தொடங்கிய ஜெப நாளை 2015இல் போப் பிரான்சிஸும் ஏற்றார். அந்த ஒற்றுமை இதில் தெரிகிறது.

சரி, ஜெபத்தோடு முடிந்ததா? இல்லை. செயலில் இறங்கவும் அழைக்கிறது. எங்கள் குழு ஆலயங்களின் மின்கட்டண ரசீதுகளை மேசையில் பரப்பி ஒப்பிட ஆரம்பித்துவிட்டது. சிறிய குழுவென்றால் ஆராதனைப் பகுதியை மட்டும் அச்செடுங்கள், போதும்.