போல்கா வாழ எது உதவும்: ஸ்ட்ரீமிங்கா, சமூக வானொலியா?

போல்கா என்பது ஐரோப்பாவில் பிறந்த துள்ளலான ஜோடி நடனம், அதற்கான இசையும் அதுவே. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1990-களில் அதை மாநில நடனமாக அறிவித்தது. 2009-இலோ கிராமி விருதுகளிலிருந்து போல்கா பிரிவையே எடுத்துவிட்டார்கள். இனி இதைக் காப்பது யார்?

ஸ்ட்ரீமிங்கில் புகழ்பெற்ற போல்கா கலைஞர் ஃபிராங்கி யாங்கோவிக்கை நடுராத்திரியிலும் கேட்கலாம். சரி, அவர் பெயரே தெரியாதவர் எதைத் தேடுவார்?

என் ஓட்டு சமூக வானொலிக்கே. அங்கே ஒரு தன்னார்வலர் பழைய இசைத்தட்டைப் போட்டு, கிளீவ்லாந்தின் ஸ்லோவேனியப் பாணியில் அக்கார்டியன் முன்னால் நிற்பதையும், சிகாகோவின் போலந்துப் பாணியில் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் சேர்ந்து முழங்குவதையும் காட்டித் தருவார். நடுவே ஒரு பாட்டிக்குப் பிறந்தநாள் வாழ்த்து. அப்புறம், சனிக்கிழமை எந்த அரங்கில் நடனம் என்ற தகவல். போல்கா ஆடுவதற்கான இசை, ஆட ஆள் வர வேண்டுமே! சிக்னல் சில மைல்களில் நின்றுவிடும் என்பது குறைதான். நிகழ்ச்சியை இணையத்திலும் ஒலிபரப்பினால் அதுவும் தீரும்.