குரலை எடுப்பதா, கட்டமைப்பை எடுப்பதா? கறுப்பினச் சபைகளின் பிரசங்கமும் பிற சபைகளும்

அமெரிக்கக் கறுப்பினக் கிறிஸ்தவச் சபைகளில் நல்ல பிரசங்கம் துயரத்தை மறைக்காமல் பேசி, மகிழ்ச்சியில் போய் முடியும். அந்த முடிவைத்தான் பிரசங்கக் கலை அறிஞர் ஹென்றி மிட்செல் தம் நூல்களில் ‘கொண்டாட்டம்’ என்று விளக்கினார். வேறு பண்பாட்டுப் போதகர்கள் இதைக் கைக்கொள்ள நினைத்தால் இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, குரலையே எடுத்துக்கொள்வது. டெட்ராய்ட் நகரின் கறுப்பினப் போதகர் சி. எல். ஃபிராங்க்ளின் சாதாரணப் பேச்சாகத் தொடங்கி, ஏறி ஏறி, கடைசியில் பாதி பாடலாகவே பிரசங்கிப்பார். சபை இடையிடையே குரல் கொடுக்கும். பிரசங்கியார் தம் வேகத்தையே அதிலிருந்துதான் எடுப்பார். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில், மேடையில் பேசிக்கொண்டிருந்த மார்ட்டின் லூதர் கிங்கை நோக்கி, கனவைப் பற்றிச் சொல்லும்படி நற்செய்திப் பாடகி மஹலியா ஜாக்சன் குரல் கொடுத்தது இந்தப் பழக்கத்தில் வந்ததுதான். அடிமைக் காலம் தொட்டுத் தலைமுறைகள் சேர்ந்து வளர்த்த உறவு அது. அமைதியாகக் கேட்டே பழகிய சபையில் அந்தக் குரலை மட்டும் கொண்டுவந்தால், “ஆமென் சொல்லுங்கள்” என்று பிரசங்கியார் கெஞ்ச வேண்டிவரும். பிறர் பட்ட பாட்டில் பிறந்த குரலை இரவல் வாங்குவது எனக்குச் சரியாகவும் படவில்லை.

இன்னொன்று, கட்டமைப்பை எடுத்துக்கொள்வது. முடிவில் புதுக் கருத்து வேண்டாம், கண்டிப்பும் வேண்டாம். அந்த வேதபகுதி தரும் நற்செய்தியையே கொண்டாட வேண்டும். எசேக்கியேல் 37-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த எலும்புகளுக்கு உயிர் வந்ததைச் சொல்லிவிட்டு, “ஆகவே நாம் இன்னும் ஊக்கமாய் ஜெபிக்க வேண்டும்” என்று முடிப்பவர்கள் அதிகம். அந்த இடத்தில் மகிழ்ச்சி முழுவதும் கடமையாகிவிடுகிறது. கொண்டாடத் தெரிந்தவர் அந்த எலும்புகள் சேனையாக எழுந்து நிற்கும் காட்சியை விட்டு நகரமாட்டார்.

2018 மே 19 அன்று இங்கிலாந்தின் விண்ட்சரில் நடந்த இளவரசர் ஹாரி–மேகன் திருமணத்தில் கறுப்பினப் பேராயர் மைக்கேல் கரி பேசியபோது கூட்டம் பதில் குரல் கொடுக்கவில்லை. அவர் அதைக் கேட்டு வற்புறுத்தவும் இல்லை. காயம் ஆற்றும் கீலேயாத்தின் பிசின் தைலத்தைப் பற்றி அடிமைகள் பாடியதை எடுத்துச் சொல்லி, அன்பின் வல்லமையிலேயே நின்றார். மௌனமான கூட்டத்திலும் அந்தப் பிரசங்கம் எடுபட்டது.

ஆகவே என் தேர்வு கட்டமைப்புதான். ஆனால் பிரசங்கியாரின் உள்ளம் முதலில் மகிழாவிட்டால் அதுவும் வெறும் உத்திதான். பதில் குரலைச் சபையின் சொந்த வழக்கத்தில் தேடலாம்: கீர்த்தனை பாடிப் பழகிய தமிழ்ச் சபையில், எசேக்கியேல் பிரசங்கம் முடிந்ததும் அறிவிப்புகளுக்குத் தாவாமல் நேரே பாட்டுக்குப் போகட்டும்.