பாண்டா, ஸ்மைலியா, சாம்சனா, லாம்பா? நான்கு உளவாளித் தொடர்கள் ஓர் ஒப்பீடு

உளவாளித் தொடர்களை எடைபோட நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த நூலில் பட்ட அடி அடுத்த நூலிலும் வலிக்கிறதா? துப்பறியும் கதைத் தொடருக்கு இந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமில்லை. கொலை நடந்தது யார் வீட்டிலோ. துப்பறிபவர் கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டு அடுத்த வழக்குக்குப் போய்விடலாம். உளவாளி அப்படிப் போக முடியாது. அவன் ஏமாற்றுவது தன்னை நம்பியவர்களை. அவனை ஏமாற்றுவது பெரும்பாலும் பக்கத்து மேசைக்காரன். அந்தக் கணக்கு ஒரே நூலில் தீர்ந்துவிட்டால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

இந்த அளவுகோலோடு நான்கு பிரிட்டிஷ் தொடர்களை எடுத்துக்கொள்கிறேன்: இயன் ஃப்ளெமிங்கின் ஜேம்ஸ் பாண்ட், ஜான் லெ காரேயின் ஜார்ஜ் ஸ்மைலி, லென் டெய்ட்டனின் பெர்னார்ட் சாம்சன், மிக் ஹெரனின் ஜாக்சன் லாம்ப்.

பாண்டை முதலில் பார்த்துவிடலாம். இரண்டாம் உலகப் போரின்போது ஃப்ளெமிங் பிரிட்டிஷ் கடற்படை உளவுத்துறையில் வேலை பார்த்தவர். 1953-ல் 'கேசினோ ராயல்' வந்தது. அவர் 1964-ல் இறந்த பிறகு வெளியானவற்றையும் சேர்த்தால் 12 நாவல்கள், 2 சிறுகதைத் தொகுப்புகள். முதல் நாவலில் எதிரித் தரப்பு ஆள் ஒருவன் பாண்டின் கையில் கத்தியால் ஒரு ரஷ்ய எழுத்தைக் கீறிவிடுகிறான், இவன் ஒற்றன் என்பதற்கு அடையாளமாக. அடுத்த நாவல் தொடங்கும்போது வேறிடத்துத் தோலை ஒட்டி அந்தக் காயத்தை மறைத்தாயிற்று. பாண்ட் தொடரின் போக்கே பெரும்பாலும் இதுதான். காயம் ஆறிவிடும், காதலி காணாமல் போவாள், புது வில்லன் வருவான்.

ஆனால் திரைப்படங்கள் வழியாக மட்டும் பாண்டை அறிந்தவர்கள் இரண்டு விஷயங்களைத் தவறவிடுகிறார்கள். ஒன்று, 'மூன்ரேக்கர்' (1955) நாவலின் தொடக்கம். அங்கே பாண்ட் ஓர் அரசு ஊழியன். காலையில் அலுவலகம் வந்து கோப்புகளைப் படிக்கிறான். உயிரைப் பணயம் வைக்கிற வேலை ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவைதான் வரும். 45 வயதானால் அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். இன்னும் எட்டு ஆண்டுதான் என்று கணக்குப் போட்டுக்கொள்கிறான். கதை இங்கிலாந்தைத் தாண்டிப் போகவே போகாது. கடைசியில் நாயகி வேறொருவரை மணக்கப் போகிறாள், பாண்ட் தனியாக நடக்கிறான். திரையில் பார்க்கக் கிடைக்காத பாண்ட் இவன்.

இரண்டாவது, கடைசி மூன்று நாவல்கள். 1963-ல் வந்த 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' முடிவில், கல்யாணமான அன்றே பாண்டின் மனைவி சுடப்பட்டு இறக்கிறாள். அடுத்த நூலில் அவன் நொறுங்கிப் போயிருக்கிறான், வேலையில் தவறுகிறான், ஜப்பானில் நினைவையே இழக்கிறான். அதற்கடுத்த நூலில் சோவியத் உளவுத்துறையால் மூளைச்சலவை செய்யப்பட்டுத் தன் மேலதிகாரியையே கொல்ல வருகிறான். ஃப்ளெமிங் கடைசியில்தான் தொடர் எழுதக் கற்றுக்கொண்டார் என்று தோன்றுகிறது. அப்புறம் சில பக்கங்களிலேயே சிகிச்சை முடிந்து பாண்ட் ஜமைக்காவுக்கு அனுப்பப்படுவது எனக்குப் பெரிய ஏமாற்றம். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பெண்களையும் கறுப்பின மக்களையும் பற்றி இந்த நூல்களில் உள்ள பல பகுதிகளை இன்று சகித்துக்கொண்டு படிக்க முடியாது. 'லிவ் அண்ட் லெட் டை' மிக மோசம்.

ஸ்மைலிக்கு வருவோம். குள்ளம், பருமன், தடித்த கண்ணாடி, உடம்புக்குப் பொருந்தாத கோட்டு. கண்ணாடியைக் கழுத்துப்பட்டையின் அகன்ற முனையால் துடைத்துக்கொண்டே இருப்பார். மனைவி ஆன் அவரைவிட்டுப் போவதும் வருவதுமாக இருக்கிறாள். பாண்டுக்கு நேர் எதிராகச் செதுக்கிய மாதிரி இருந்தாலும், லெ காரே தான் கண்ட ஆட்களிலிருந்துதான் எழுதினார். அவர் பிரிட்டனின் உள்நாட்டு, வெளிநாட்டு உளவுத்துறைகள் இரண்டிலும் வேலை செய்தவர். கிம் ஃபில்பி என்ற மூத்த அதிகாரி பல்லாண்டுகளாக சோவியத் ஒற்றனாக இருந்து, 1963-ல் மாஸ்கோவுக்குத் தப்பி ஓடியது அவரை ஆட்டிவைத்த சம்பவம். பதினோரு ஆண்டுகள் கழித்து வந்த 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' நாவலின் வேர் அதுதான்.

அந்த நாவலில் ஒரு டெல்லிச் சிறைக் காட்சி வருகிறது. கார்லா என்ற சோவியத் உளவாளியைத் தங்கள் பக்கம் இழுக்க ஸ்மைலி பேசிப் பேசிப் பார்க்கிறார். கார்லா வாயே திறக்கவில்லை. பேசியது முழுக்க ஸ்மைலிதான். ஆன் மீது தனக்குள்ள பற்றையும் தன்னை அறியாமல் காட்டிக்கொடுத்துவிடுகிறார். ஆன் பரிசளித்த சிகரெட் லைட்டரை எடுத்துக்கொண்டு கார்லா மாஸ்கோவுக்குத் திரும்பிவிடுகிறான். பல ஆண்டுகள் கழித்து அந்தப் பலவீனத்தை அவன் பயன்படுத்தும் விதமும், 'ஸ்மைலிஸ் பீப்பிள்' நாவலில் ஸ்மைலி அதே ஆயுதத்தைத் திருப்பிப் பிடிக்கும் விதமும் படிக்கப் படிக்க வயிற்றைப் பிசையும். எதிரியை வெல்ல அவனைப் போலவே ஆக வேண்டியிருக்கிறது என்பதை ஒரு வசனம்கூட இல்லாமல் உணர்த்தும் இடம் அது.

குறை இல்லாமல் இல்லை. நடுவில் வரும் 'தி ஹானரபிள் ஸ்கூல்பாய்' மிக நீளம். ஸ்மைலி பாதி நேரம் கண்ணிலேயே படமாட்டார். வயதுக் கணக்கும் உதைக்கிறது. முதல் நாவலில் 1928-லேயே உளவுத்துறைக்குத் தேர்வானவர், 2017-ல் வந்த 'எ லெகசி ஆஃப் ஸ்பைஸ்' நாவலிலும் உயிரோடு இருக்கிறார். ஆனாலும் அந்தக் கடைசி நாவலை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1963-ல் வந்த 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' கதையில் பலியானவர்களின் பிள்ளைகள் இப்போது வழக்குப் போட வருகிறார்கள். 54 ஆண்டுகள் கழித்தும் பழைய பழி துரத்துகிறது. என் கேள்விக்கு இதைவிட நேரான பதிலை எந்தத் தொடரும் சொன்னதில்லை.

அப்படியானால் ஸ்மைலிதான் முதலிடமா? தனித்தனி நாவல்களாக எடுத்தால் ஆமாம். தொடர் என்ற வகையில் நான் சாம்சனைத்தான் முன்னே வைப்பேன்.

'பெர்லின் கேம்' (1983) தொடங்கி 'சாரிட்டி' (1996) வரை மூன்று மூன்றாக ஒன்பது நாவல்கள். சாம்சன் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு பெர்லின் வீட்டாரின் முந்தைய வரலாறாக 'வின்டர்' தனியே உண்டு. சாம்சன் பெர்லினில் வளர்ந்தவன். அப்பாவும் அங்கே உளவு அதிகாரியாக இருந்தவர். பல்கலைக்கழகப் படிப்பு இல்லாததால், லண்டன் தலைமையகத்தில் ஆக்ஸ்ஃபோர்டு படித்தவர்கள் அவனைத் தாண்டி மேலே போகிறார்கள். பதவி உயர்வு, ஓய்வூதியம், அலுவலக அரசியல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று போகும் கதையில் திடீரென்று, அலுவலகத்தில் ஒருவர் துரோகி என்று தெரியவருகிறது. அது யார் என்பதை நான் சொல்லமாட்டேன். அது தெரிந்த பிறகு அவன் வீடும் அலுவலகமும் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை. ஒன்பது நூல்களும் அந்த ஒரே அடியின் விளைவுகள்தான்.

டெய்ட்டனின் உண்மையான துணிச்சல் ஆறாவது நூலில் இருக்கிறது. முதல் ஐந்தையும் சாம்சனே நமக்குச் சொல்கிறான். நாமும் அவன் கண்ணால்தான் பார்க்கிறோம். 'ஸ்பை சிங்கர்' (1990) வெளியிலிருந்து சொல்லப்படுகிறது. அதே சம்பவங்கள் வேறு ஒருவர் பக்கமிருந்து வரும்போது, சாம்சன் எவ்வளவு தப்புக்கணக்குப் போட்டிருக்கிறான், தன்னைப் பற்றியே எவ்வளவு மிகைப்படுத்தியிருக்கிறான் என்று புரிகிறது. உளவு என்பதே அரைகுறைத் தகவலை வைத்து முடிவெடுக்கும் தொழில். வாசகனையும் ஐந்து நூல்கள் முழுக்க அந்த நிலையிலேயே வைத்திருந்த ஆசிரியர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. நடை லெ காரே அளவுக்கு ஆழமில்லை. கடைசி மூன்று நாவல்களில் வேகமும் குறைகிறது. இருந்தும் டெய்ட்டனுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

லாம்ப் இவர்களுக்குப் பிந்தியவர். 'ஸ்லோ ஹார்சஸ்' 2010-ல் வந்தது. வேலையில் சொதப்பிய உளவாளிகளை ஒரு பாழடைந்த லண்டன் கட்டடத்தில் போட்டு, அவர்களாகவே ராஜினாமா செய்யும்வரை வெட்டி வேலை கொடுப்பார்கள். அவர்களுக்குத் தலைவர் லாம்ப்: அழுக்கு, புகை, கெட்ட வார்த்தை, அத்தனைக்கும் அடியில் பனிப்போர் காலத்துப் பெர்லின் நினைவுகள். வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் ஒரே உளவுத் தொடர் இது. தயங்காமல் முக்கியப் பாத்திரங்களைச் சாகடித்துவிட்டு, காலியான மேசையை அடுத்த நூலிலும் நமக்குக் காட்டுகிறார் ஹெரன். இரண்டாவது நாவல் 'டெட் லயன்ஸ்' 2013-ல் பிரிட்டனின் தங்கக் குறுவாள் விருது பெற்றது. பிற்காலத்து நூல்களில் கதையமைப்பு ஒரே அச்சில் விழுவது மட்டும் சற்று உறுத்துகிறது.

எங்கிருந்து தொடங்குவது? பாண்டில் 'மூன்ரேக்கர்' படித்துவிட்டு நேராகக் கடைசி மூன்றுக்குப் போகலாம். வரிசை பெரிய விஷயமில்லை. ஸ்மைலியை 'கால் ஃபார் தி டெட்' என்ற சின்ன நாவலில் சந்தித்துவிட்டு, 1963 நாவல், பிறகு 'டிங்கர் டெய்லர்' என்று போனால் போதும். லாம்பை வெளியான வரிசையிலேயே படியுங்கள், யார் சாகிறார்கள் என்பது முன்னாலேயே தெரிந்துவிடக் கூடாது. சாம்சன் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: பழைய புத்தகக் கடையில் 'ஸ்பை சிங்கர்' மட்டும் தனியாகக் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் ஐந்தையும் முடிக்கும்வரை அட்டையின் பின்பக்கத்தைக்கூடப் படிக்காதீர்கள்.