எடை மெஷினோடு இரண்டு வருடம்: வாரக் கணக்கும் வருடக் கணக்கும்

எடை மெஷின் பழுது பார்க்கப்பட்டுத் திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. இந்த நேரம் பார்த்து நண்பன் கேட்கிறான்: "நீ ரெண்டு வருஷமா வச்சிருக்கியே, அதை நானும் வாங்கலாமாடா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ப்ளூடூத், நாலு மூலையிலும் சென்சார் என்று பெட்டியில் போட்டிருப்பதை நான் திரும்ப ஒப்பிக்கப் போவதில்லை. கொழுப்புச் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். பாதம் வழியாக மெல்லிய மின்சாரத்தை விட்டு, உடல் அதை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்துப் போடும் ஊகக் கணக்கு அது. தண்ணீர் குடித்தால் ஒன்று காட்டும், குடிக்காவிட்டால் இன்னொன்று. மற்றபடி மெஷின்மேல் எனக்குப் பெரிய வழக்கில்லை. வழக்கெல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ஆப்பின் மேல்தான்.

முதல் நாளே கேட்டது: எத்தனை கிலோவுக்கு வர வேண்டும்? அப்போது நான் 92. கல்லூரியில் படிக்கும்போது இருந்த 70ஐ ஆசையோடு போட்டேன். 44 வாரம், வாரத்துக்கு அரைக் கிலோ என்று வகுத்து, அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி ஒரு நேர்கோடு போட்டுக் காட்டியது. வாரத்துக்கு அரையிலிருந்து ஒரு கிலோ என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவுதான். வேகத்தில் தப்பில்லை. கோடு நேராக இருப்பதில்தான் தப்பு.

முதல் மூன்று வாரத்தில் 3 கிலோ இறங்கியது. ஸ்கிரீன் முழுக்க நட்சத்திரம். அதில் கணிசமான பங்கு வெறும் தண்ணீர் என்று ஆப் மூச்சு விடவில்லை. உடலில் சேமித்திருக்கும் கிளைகோஜன் (மாவுச்சத்தின் சேமிப்பு வடிவம்) ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் கரைவது அதுதான். பிறகு வண்டி நின்றது. அங்கேதான் இந்த ஆப்பின் சுயரூபம் தெரிந்தது. ஒரு வாரம் அரைக் கிலோவுக்குப் பதில் 0.2 குறைந்தேன். மிச்சம் 0.3ஐ அடுத்த வாரத்தில் ஏற்றி, இலக்கு 0.8 என்றது. அந்த வாரம் 0.1. அதற்கடுத்த இலக்கு 1.2. அந்த வாரம் பார்த்து 0.2 கூடிவிட்டது. அதற்கும் அடுத்த வாரம் திங்கட்கிழமை காலையில் செய்தி வருகிறது: "இந்த வார இலக்கு 1.9 கிலோ!" கந்துவட்டிக்காரன்கூட இவ்வளவு உற்சாகமாகக் கேட்க மாட்டான். இலக்கைத் தாண்டிக் குறைந்தால் அடுத்த வாரத்தில் கழிக்குமா என்றால், அது மட்டும் கிடையாது.

ஒரு நாள் உப்பு தூக்கலாகச் சாப்பிட்டாலே மறுநாள் ஒரு கிலோ கூடத் தெரியும். அப்படியிருக்க, அரைக் கிலோவுக்காக ஒருவனை வாராவாரம் நிற்க வைத்துக் கேள்வி கேட்பது என்ன நியாயம்? ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற பழைய கணக்கை வைத்தே கோடு இழுக்கிறார்கள். எடை குறையக் குறைய உடல் செலவழிக்கும் கலோரியும் குறையும். அதே சாப்பாடு, அதே நடை என்றாலும் கோடு போகப்போக மட்டமாகும். அது சோம்பேறித்தனம் இல்லை.

நியாயமாகச் சொன்னால், என் 70 மட்டும் என்ன, யோசித்துப் போட்டதா? 1997இல் வந்த ஓர் ஆய்வில், எடை குறைக்க வந்த 60 பெண்களிடம் கனவு எடையில் தொடங்கி "இதோடு நின்றால் ஏமாற்றம்தான்" என்ற எடை வரைக்கும் கேட்டு வைத்துக்கொண்டார்கள். 48 வாரத்தில் சராசரியாக 16 கிலோ குறைந்தது. அப்படியும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அந்த ஏமாற்ற எடையைக்கூடத் தொடவில்லை. படித்தபோது என் முகம்தான் தெரிந்தது.

ஆப்பின் மூன்றாவது பக்கத்தில் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு கிராஃப் இருக்கிறது: ஏழு நாள் சராசரி, மொத்தக் காலத்துக்கும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. வாரப் பக்கத்தில் மலையும் பள்ளமுமாகத் தெரிந்ததெல்லாம் அங்கே சாவதானமாக இறங்கும் சரிவு. இன்று அதன் முனை 83.5இல் நிற்கிறது, கிட்டத்தட்ட 9 சதவீதம். நீரிழிவைத் தள்ளிப்போட முடியுமா என்று அமெரிக்காவில் 3,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அதில் குறைக்கச் சொல்லிக் கேட்டதே எடையில் 7 சதவீதம்தான். என் 92க்கு அது ஆறரைக் கிலோகூட இல்லை. நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. எனக்கு உறைத்தது வேறொன்று: அவர்கள் கிலோவை நீண்ட காலக் கணக்கில் வைத்துவிட்டு, வாரக் கணக்கில் 150 நிமிட உடலுழைப்பை வைத்தார்கள். நிமிடம் என் கையில் இருக்கிறது. கிலோ இல்லை.

அன்றிலிருந்து என் வார இலக்கு நடை நிமிடம். அதை எழுத ஆப்பில் இடமே இல்லை, அதனால் பீரோ கதவில் ஒரு தாள் ஒட்டிப் பென்சிலால் கோடு போடுகிறேன்.

பழுது கதையைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு மூலை சென்சார் போய், மாற்றிக் கொடுத்தார்கள். வந்த அன்று ஏறினால் 84.4. கூடியது நானா, முன்பு குறைத்துக் காட்டியது அதுவா, இன்றுவரை தெரியாது. வாரப் பக்கம் முழுக்கச் சிவப்பு. மூன்றாவது பக்கத்தில் கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு ஒரு சின்ன நெளிவு, அவ்வளவுதான்.

ஆக, எட்டரைக் கிலோ குறைந்ததில் இதற்கும் பங்கு உண்டு, அந்த ஒரு கிராஃப் தங்கம். இருந்தாலும் நண்பனுக்கு "வாங்காதே" என்றுதான் பதில் போட்டேன். ஆறு நாள் விடாமல் நடந்த வாரத்தின் முடிவில், இன்று காலை "முயற்சி போதவில்லை" என்று என்னிடம் சொன்ன பொருளுக்கு என்னால் சிபாரிசு செய்ய முடியாது. மீறி வாங்கினால், வார இலக்கு அறிவிப்பை முதல் வேலையாக அணைத்துவிடு என்றும் எழுதினேன். செட்டிங்ஸில் நாலு படி உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அது தானாக உயிர்த்துக்கொள்ளும். மறுபடி அணைக்க வேண்டும்.