கோயில் நிலத்தில் ரேடார் வண்டி: கொடுத்த காசுக்கு வேலை நடந்ததா?

குளுவாங்கை அடுத்த செம்பனைத் தோட்டத்தில், எங்கள் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் மண்டபம் எழுப்பப் போகிறோம். முன்பு லயங்கள் வரிசையாக நின்ற இடம் அது. பால்மரக் காலத்துத் தண்ணீர்க் குழாயும் மூடிப்போட்ட மலக்குழியும் மண்ணுக்கடியில் எங்கோ கிடக்கின்றன. தோட்டம் கைமாறியபோது கிராணி அலுவலகத்து அலமாரிகளோடு வரைபடமும் போய்விட்டது. பழைய கங்காணியைக் கேட்டால் முருங்கை மரத்தடி என்கிறார்; அவருடைய தம்பியோ சடக்கோரம் என்று சத்தியம் செய்கிறார். கோயிலுக்கு இன்னும் அந்தக் குழாயில்தான் தண்ணீர் வருகிறது. மண்வாரி இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்க முடியுமா?

ஆகவே, மண்ணுக்குள் வானலையை அனுப்பி, திரும்பும் எதிரொலியைக் கொண்டு நிலத்துக்குள் பார்க்கும் ரேடார் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தை ஜொகூர் பாருவிலிருந்து அழைத்தோம். கட்டணம் 1,800 வெள்ளி. பணம் கொடுத்த பொருளாளர் நான். வேலை எப்படி என்று சொல்ல வேண்டியவனும் நானே.

காலையில் வருவதாகச் சொன்னவர்கள் பிற்பகலில் வந்தார்கள். வண்டி பார்ப்பதற்குப் புல்வெட்டும் இயந்திரம் போல இருந்தது; அடியில் 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா, கைப்பிடியில் திரை. கருவியை இயக்கிய தம்பி முதலில் கைப்பேசியில் வானிலைத் துறையின் மழை ரேடார் படத்தைப் பார்த்தார். குளுவாங்கிலேயே அத்துறையின் ரேடார் நிலையம் ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. "அந்த ரேடாருக்கு மழைத்துளிதான் வேண்டும், ஐயா. என் ரேடாருக்குத் தண்ணீரே ஆகாது," என்றார். ஈரக் களிமண் வானலையை விழுங்கிவிடுமாம். உண்மைதான். போர் விமானங்களைத் தேட ரேடார் வருவதற்கு முன்பே, 1929இல், ஆஸ்திரியாவில் ஒரு பனியாற்றின் ஆழத்தை வானலையால் அளந்திருக்கிறார்கள். பனிக்கட்டி அலையை எளிதாக விட்டுவிடும். நம் செம்மண் அப்படிப்பட்டதல்ல.

திரையில் முதலில் வெறும் கிடைக்கோடுகள்தான் ஓடின. வண்டி குழாயைக் குறுக்கே கடந்ததும் புருவம் போல ஒரு வளைவு எழுந்தது. அலை கூம்பாக விரிந்து இறங்குவதால், வண்டி நேர் மேலே வருவதற்கு முன்பே குழாய் கண்ணில் படுகிறது. அப்போது தூரம் அதிகம், எதிரொலி தாமதமாக வரும். நேர் மேலே வரும்போது தூரம் குறைந்து, வளைவு உச்சிக்குப் போகிறது. தம்பி வண்டியைப் பின்னுக்கு இழுத்து, உச்சி எங்கே என்று நிறுத்தி, புல்லில் வெள்ளைச் சாயம் அடித்தார். குழாயின் நீளவாக்கிலேயே தள்ளினால் இந்த வளைவு தெரியாது, நேர்க்கோடாகப் போய்விடும். அதனால் நெடுக்கும் குறுக்குமாகக் கட்டம் போட்டுத் தள்ளினார். ஒரே திசையில் தள்ளிவிட்டுக் கிளம்புகிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஆழக்கணக்குதான் ருசியான பகுதி. அலை போய்வர 20 நானோ விநாடி (ஒரு நானோ விநாடி என்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) ஆனால், காய்ந்த மண்ணில் அது ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம். மண் நனைந்திருந்தால் அலை மெதுவாகப் போகும். அதே 20 நானோ விநாடி 60 சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடலாம். திரை 70 என்று காட்டிய இடத்தில் மண்வெட்டியால் சோதனைக் குழி தோண்டினோம். 55இல் இரும்பு தட்டியது. அந்த அளவைக் கொண்டு தம்பி அலைவேகத்தைத் திருத்தி, மற்ற இடங்களின் ஆழத்தையும் மாற்றிப் போட்டார். குழாய் முருங்கை மரத்தடியிலும் இல்லை, சடக்கோரத்திலும் இல்லை. மண்டபத்துக்காக நாங்கள் கயிறு கட்டிய மூலைக்கு நேர் கீழே போகிறது. அண்ணன் தம்பி இருவரும் இப்போது ஒரே கட்சி: கருவி தப்பு!

மலக்குழி அகப்படவில்லை. நிறுவனத்தின் விளம்பரத் தாளில் ஐந்து மீட்டர் வரை பார்க்கலாம் என்று அச்சடித்திருந்தது. தம்பியோ, "இந்த மண்ணில் ஒன்றரை மீட்டருக்குக் கீழே என்னால் உறுதி சொல்ல முடியாது, வேர், கல், குழாய் எதுவானாலும் கருவி அதுவாகப் பெயர் சொல்லாது," என்று வெளிப்படையாகச் சொன்னார். என்னைப் பொறுத்தவரை 1,800 வெள்ளியில் பாதி அந்தப் பேச்சுக்கே போனது, தவறில்லை. அச்சடித்தவர்களுக்கு அந்த மரியாதையைத் தர மாட்டேன்.

மின்கம்பியைத் தேடத் தனிக் கருவியும் கொண்டுவந்தார்கள். மின்சாரம் ஓடும் கம்பிக்கு அதுவே பொருத்தம். அறிக்கை மட்டும் சோகம். முழுதும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகள், நிர்வாகக் குழுவில் ஒருவருக்கும் புரியவில்லை. அளவோடு கூடிய ஒரு பக்க வரைபடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வெள்ளைச் சாயமும் அன்று மாலை மழையில் கரைந்தது. நல்லவேளை, குறிகள் மீது மரமுளை அடித்துவைத்திருந்தோம்.

மண்டபத்தை நான்கு அடி தள்ளிப் போடத் தலைவர் ஒப்புக்கொண்டுவிட்டார். மலக்குழிக்கு ஆளை விட்டுத் தோண்டிப் பார்க்கத்தான் போகிறோம். அதற்கு இன்னொரு முறை ரேடார் கூப்பிடுவது வீண் செலவு.