அல்ட்ரா மணிக்கூடும் கதலிப்பழத்தின் நாடித்துடிப்பும்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட எந்தப் போன் கடைக்குள் நுழைந்தாலும் கண்ணாடி அலுமாரியில் செம்மஞ்சள் பட்டியோடு ஒரு பெரிய சதுர மணிக்கூடு இருக்கும். 2022இல் அப்பிள் வெளியிட்ட அல்ட்ரா என்கிற ஸ்மார்ட் மணிக்கூட்டின் அச்சு அசல் சாயல், அதே 49 மில்லிமீற்றர் உயரம், பக்கத்தில் அதே திருகி. அசலின் அறிமுக விலை 799 டொலர், இதற்கு நான் கொடுத்தது 7,500 ரூபா. அசல் மலை ஏறுபவர்களுக்கும் ஆழ்கடலில் சுழியோடுபவர்களுக்கும் என்று செய்தது. குடாநாட்டில் ஏறுவதற்கு இருப்பது பனை மட்டும்தான், ஆனால் பொடியன்கள் எல்லாருடைய கையிலும் இதுதான்.

திரையில் குறை சொல்ல முடியாது. மத்தியான வெயிலில் மோட்டார் சைக்கிளில் போகும்போதும் நேரம் தெரிகிறது, அழைப்பு வந்தால் மணிக்கட்டு அதிர்கிறது, யார் எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எடுக்காமல் விடலாம். அதற்கே பாதிக் காசு சரி.

மற்றப் பாதிதான் பிரச்சினை. அம்மா ஆசைக்குக் கட்டிக்கொண்டு திருவலையில் தேங்காய் திருவினார். இருந்த இடத்தை விட்டு அசையவில்லை, ஒரு தேங்காய் முடிவதற்குள் 300க்கு மேல் அடி நடந்ததாகக் கணக்கு. உள்ளே இருக்கிற உணரிக்குக் கையின் ஆட்டம் மட்டும்தான் தெரியும், கால் என்று ஒன்று இருப்பதே தெரியாது. சைக்கிளில் கொக்குவில் வரை மிதித்துவிட்டு வந்தால், கை ஹாண்டிலில் ஆடாமல் இருந்த குற்றத்துக்காக 'எழுந்து நடக்கவும்' என்று அறிவுரை வேறு. தினமும் 10,000 அடி என்கிற இலக்கும் ஏதோ வைத்தியர்கள் கூடி எடுத்த முடிவு இல்லை, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து பரவியது.

அப்புறம் இரத்த அழுத்தம். பச்சை வெளிச்சத்தைத் தோலில் அடித்து, திரும்பி வருவதில் உள்ள ஏற்ற இறக்கத்தைப் பார்த்து நாடித்துடிப்பைக் கணிக்கிறார்கள், அது நியாயமான முறைதான். ஆனால் இதை ஒரு கதலிப்பழத்தைச் சுற்றிக் கட்டினேன். துடிப்பு 78, அழுத்தம் 118க்கு 76. என்னைவிடப் பழம் சுகமாக இருக்கிறது. அழுத்தத்தை உண்மையாகவே அளக்க, பிரஷர் கருவிகள் செய்கிற ஓம்ரோனின் ஒரு மணிக்கூட்டில் பட்டிக்குள்ளேயே காற்று நிரம்பும் பை இருக்கிறது, சாம்சுங்கில் 28 நாளுக்கு ஒருமுறை புயத்தில் கட்டும் பிரஷர் கருவியோடு சரிபார்க்கச் சொல்கிறார்கள். இதில் ஒன்றும் கேட்பதில்லை, கட்டினால் போதும், எண் வந்துவிடும். பிரஷர் குளிசை போடுகிற ஆட்கள் தயவுசெய்து இதை நம்பி மருந்தைக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

பெட்டியில் ஏஐ என்றும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. முழுக்கத் தேடிப் பார்த்ததில், நம் படத்தைப் பின்னணியாக வைக்கிற இடத்துக்குத்தான் அந்தப் பெயர். சித்தியின் மகன், புதுப் போன் வெளியாகிற இரவுகளில் நித்திரை கொள்ளாமல் நேரலை பார்க்கிறவன், சிப்பின் நானோமீற்றர் கணக்கெல்லாம் மனப்பாடம், அவனிடம் கேட்டேன். "அண்ணா, இப்ப ஏஐ இல்லாட்டி ஒருத்தரும் வாங்க மாட்டினம்" என்றான். அவனுடைய கையில் இருந்தது அவனுடைய அப்பாவின் பழைய சாவி கொடுக்கிற மணிக்கூடு, இப்போது அதுதான் ஸ்டைலாம்.

செயலியைப் போனில் ஏற்றினால் தொடர்பு எண்கள், இருப்பிடம், குறுஞ்செய்தி எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். அழைப்பு அறிவிப்புக்குத் தேவையானதை மட்டும் கொடுங்கள், மற்றதை மறுத்தாலும் வேலை செய்கிறது. தண்ணீர் போகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்வார், பெட்டியில் போட்டிருக்கிற ஐபி68 என்கிற தண்ணீர் புகாமைத் தரம் நல்ல தண்ணீரில் பார்க்கிற சோதனை, கசூரினாக் கடற்கரைக்குப் போனால் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள். வாங்குவதென்றால் பில்லில் உத்தரவாதத்தைக் கடை முத்திரையோடு எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சில் சொல்கிற ஆறு மாதம் செல்லாது. செம்மஞ்சள் பட்டி வியர்வையில் அரிக்கும், கறுப்பு சிலிக்கோன் பட்டியைக் கேட்டால் சும்மாவே மாற்றித் தருவார்கள்.