கிளுவை வேலியா, கம்பி வேலியா?

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொரங்காட்டுக்கு, அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலத்துக்கு, வேலி என்றாலே கிளுவை என்ற முள்செடிதான். இப்போது பலர் அதை வெட்டிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கிறார்கள்.

கம்பியின் வசதியை மறுக்க முடியாது. சில நாளில் வேலை முடிந்துவிடும், இடமும் அடைக்காது. கிளுவை அப்படியில்லை. மழைக்கு முன் போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு) வெட்டி நெருக்கமாக நட்டு, அடர்ந்து வரச் சில வருஷம் காத்திருக்க வேண்டும். வேலியே சில அடி அகலத்தைத் தின்றுவிடும்.

ஆனால் குனிந்து அந்த முள்ளுக்குள் பாருங்கள். ஓணான், கவுதாரி, எலி பிடிக்கும் கீரி என்று ஒரு குட்டிக் காடே இருக்கும். மழைத் தண்ணீரோடு ஓடும் மண்ணையும் தூர் பிடித்து நிறுத்தும். தழையை ஆடு கடிக்கும். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இருந்தால் காங்கேயம் மாட்டுக்கு வேறென்ன வேண்டும்? வேலியை வெட்டினால் இத்தனையும் போகும்.

சத்தியமங்கலம், ஆனைகட்டி மாதிரிக் காட்டோரங்களில் கதையே வேறு. அங்கே கிளுவை யானையைத் தடுக்காது. அதற்காகக் கம்பியில் நேரடியாகக் கரண்ட் கொடுப்பது சட்டப்படி குற்றம். அதில் யானையும் சாகிறது, மனுஷனும் சாகிறான். விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் சோலார் வேலி வேறு வகை.

மேய்ச்சல் காடு வைத்திருப்பவருக்கு என் ஓட்டு கிளுவைக்குத்தான். சந்து விழுந்த இடத்தில் மட்டும் கம்பி கட்டிக்கொள்ளலாம்.